நிரம்பிய தொட்டியும் மூடாத வால்வும்: பாராதைராய்டு பாடத்தை விரித்து நடத்துவோம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது நம் நேரம் பெரும்பாலும் பிட்யூட்டரி, தைராய்டு, கணையம் ஆகிய மூன்றுக்கே போய்விடுகிறது. மாணவர்கள் வீட்டில் கேள்விப்பட்டிருப்பதும் சர்க்கரையும் தைராய்டும்தான். பாராதைராய்டு என்பது வழியில் கடந்துபோகும் ஒரு பெயர். "நான்கு சுரப்பிகள், தைராய்டின் பின்பக்கம், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும், குறைந்தால் டெட்டனி" என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு அட்ரினலுக்குப் போய்விடலாம்.

ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு மருத்துவ அறிக்கையைச் சரியாக வாசிக்கும் வித்தை இருக்கிறது. ஆசிரியர் ஓய்வறையில் "காலெல்லாம் வலி, எப்பவும் களைப்பு, மறுபடியும் கிட்னியில கல்லு" என்று பேசிக்கொண்டிருக்கும் நம்மில் சிலருக்கும் அது நேரடியாக உதவக்கூடும். எங்கள் பள்ளியில் ஒருவருக்கு உதவியது. அவர் கதையை இடையில் சொல்கிறேன். முதலில் பாடம்.

பெயர்க் குழப்பத்தைத் தொடக்கத்திலேயே நீக்கிவிட வேண்டும். பாராதைராய்டு தைராய்டின் ஒரு பகுதி அல்ல, பக்கத்து வீடு மட்டுமே. வேலை வேறு, ஹார்மோன் வேறு, பரிசோதனையும் வேறு. "தைராய்டு டெஸ்ட் நார்மல்" என்று வந்துவிட்டால் பாராதைராய்டும் நலம் என்று பொருளில்லை. தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். என்ற அளவு இந்தச் சுரப்பியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. மாணவர்கள் மட்டுமல்ல, படித்த பெரியவர்களே இதில் குழம்புகிறார்கள்.

ஒவ்வொரு சுரப்பியும் ஏறத்தாழ ஓர் அரிசி மணி அளவு. எடை 30 முதல் 50 மில்லிகிராம். நான்கையும் சேர்த்தாலும் கால் கிராம் தேறாது. இவ்வளவு சிறியது என்பதாலேயே நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. 1849இல் இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன்தான் தைராய்டோடு ஒட்டிய இந்தச் சிறு உருண்டையை முதலில் குறித்து வைத்தார். மனிதரில் இதைக் கண்டு விவரித்து 1880இல் வெளியிட்டவர் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம். நம் நாட்டு ஒற்றைக்கொம்பன் இந்த வரலாற்றில் இருப்பதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இனி வேலை. நம் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் பூட்டிக் கிடக்கிறது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சிறு பங்கு. ஆனால் தசை சுருங்க, நரம்பு செய்தி கடத்த, இதயம் துடிக்க, இரத்தம் உறைய அந்தச் சிறு பங்குதான் வேண்டும். ஆகவே உடல் அதை மிகக் கறாராகக் காக்கிறது. இரத்தச் சர்க்கரை சாப்பிட்டதும் ஏறி, பிறகு இறங்கும். அந்தத் தாராளம் கால்சியத்துக்குக் கிடையாது. ஒரு டெசிலிட்டரில் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள்ளேயே அது நிற்க வேண்டும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சற்று மாறும்.

நிறுத்துவது யார்? பாராதைராய்டு செல்களின் மேற்பரப்பில் கால்சியத்தை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. கால்சியம் சற்றே குறைந்தாலும் சுரப்பி பாராதார்மோனைக் கூட்டும். ஆய்வக அறிக்கையில் பி.டி.எச். என்று வருவது இதுதான். இந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை இரத்தத்துக்கு எடுத்துத் தருகிறது. சிறுநீரகத்தில் கால்சியம் வெளியேறாமல் இழுத்துப் பிடித்து, பாஸ்பேட்டை வெளியே தள்ளுகிறது. வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் செய்து, உணவிலிருந்து குடல் கூடுதல் கால்சியத்தை உறிஞ்ச வழிசெய்கிறது. கால்சியம் போதுமான அளவுக்கு ஏறியதும் சுரப்பி அடங்கிவிடும். எதிர்மறைப் பின்னூட்டம் என்று நாம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

வகுப்பில் நான் பள்ளியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைத்தான் காட்டுவேன். உள்ளே மிதக்கும் பந்து. அதோடு இணைந்த வால்வு. தண்ணீர் குறைந்தால் பந்து தாழும், வால்வு திறக்கும். நிரம்பினால் பந்து உயரும், வால்வு மூடும். தண்ணீர் மட்டம்தான் கால்சியம், வால்வின் திறப்புதான் பி.டி.எச்.

இப்போது ஒரு கேள்வி: வால்வு பாதி திறந்திருக்கிறது. இது சரியா, தவறா?

பெரும்பாலான மாணவர்கள் சரி என்பார்கள். யாராவது ஒரு பிள்ளை, "தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்கு டீச்சர்?" என்று கேட்கும். அந்தக் கேள்விதான் பாடம். தொட்டி முக்கால் நிலையில் இருந்தால் பாதி திறந்த வால்வு சரியானது. தொட்டி நிரம்பி வழிந்து சுவரெல்லாம் நனைந்துகொண்டிருக்கும்போதும் வால்வு பாதி திறந்தே இருந்தால், அது பழுதான வால்வு. வால்வை மட்டும் பார்த்தோ, தண்ணீரை மட்டும் பார்த்தோ தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பாராதைராய்டு மிகைச் சுரப்பு நோயைக் கண்டறிவதன் சாரம் இவ்வளவுதான். ஆனால் நடைமுறையில் இதுதான் தவறிப்போகிறது.

எங்கள் பள்ளிச் சத்துணவு மையத்தில் சமையலராக இருக்கும் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். நான்கைந்து ஆண்டுகளாகவே அவருக்கு ஏதாவது ஒன்று இருந்துகொண்டிருந்தது. முதலில் சிறுநீரகக் கல். அடுப்படி வெக்கையில் நிற்கிறார், தண்ணீர் குடிப்பதில்லை என்று எல்லோரும் காரணம் சொன்னோம். அது நம்பக்கூடிய காரணம்தான். கழிப்பறை வசதியை நினைத்தே பகலெல்லாம் தண்ணீரைத் தவிர்க்கும் பெண்கள் பள்ளிகளில் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாதா? ஒன்றரை வருடம் கழித்து மறுபடி கல், இம்முறை இரண்டு பக்கமும். அதற்குள் மாதவிடாய் நின்றிருந்தது. தொடையிலும் முதுகிலும் வலி. அது மெனோபாஸ் கணக்கில் சேர்ந்தது. மலச்சிக்கல், பசியின்மை, ஓயாத தாகம். சர்க்கரை இருக்குமோ என்று பார்த்தார்கள், இல்லை. முட்டைக் கணக்கை மறந்துபோய் இரண்டாம் முறை எண்ணுவார். முன்பெல்லாம் கலகலவென்று பேசுபவர் பரிமாறி முடித்ததும் சுவரோரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். பிறகு ஒருநாள் ஈரத் தரையில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. பெரிய விழுகை ஒன்றுமில்லை.

எலும்பு பலவீனம் என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு மருத்துவர், ஒரு சீட்டு, ஒரு மாத்திரை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பொருந்தாத வைத்தியம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்தவர்தான் யாருமில்லை.

மருத்துவ மாணவர்களுக்கு இந்த நோயின் அறிகுறிகளைக் கல், எலும்பு, வயிறு, மனம் என்று நான்கு சொல்லில் சொல்லித் தருவார்கள். அக்காவிடம் நான்கும் இருந்தன. எல்லோரிடமும் நான்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பலருக்குக் களைப்பும் சோர்வும் மட்டுமே இருக்கும். சிலருக்கு எந்தத் தொல்லையும் இராது. வேறு எதற்கோ செய்த இரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவரும். மேலைநாடுகளில் வழக்கமான இரத்தப் பரிசோதனையிலேயே கால்சியம் சேர்ந்துவிடுவதால் பெரும்பாலோர் அப்படித்தான் கண்டறியப்படுகிறார்கள். நம் நாட்டிலோ இன்னும் பலர் கல்லும் எலும்பு முறிவும் வந்த பிறகே பிடிபடுகிறார்கள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, தைராய்டு எல்லாம் பார்க்கும் நாம் கால்சியத்தைக் கேட்டுப் பார்ப்பதில்லை. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதுவும் பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல். அந்த வயதில் எதுவானாலும் "வயசாகுதுல்ல" என்ற ஒரே பதிலில் அடங்கிவிடுகிறது.

மூன்றாம் முறை கல்லுக்குப் போனபோது அங்கிருந்த மருத்துவர் கால்சியமும் யூரிக் அமிலமும் பார்க்கச் சொன்னார். கால்சியம் 11.4 வந்தது. மாத்திரையால் இருக்கும் என்று நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 11.3. பி.டி.எச். பார்த்தார்கள்: 58. எல்லை 15 முதல் 65 என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. எல்லைக்குள் இருந்ததால் பாராதைராய்டு நலம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் அக்கா ஒரு மஞ்சள் பையோடு வந்தார். "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. ஒரு எடத்துல கோடு போட்டிருக்கு, ஒரு எடத்துல போடல." கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது பழகிய வேலைதான். வங்கிப் படிவம், நிலப்பத்திரம், ஆய்வக அறிக்கை எல்லாம் நம் மேசைக்கு வரும்.

கோடு போட்ட இடம் கால்சியம். போடாத இடம் பி.டி.எச். எனக்குத் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் 11.3க்கு வழிகிறது, வால்வு ஏன் மூடவில்லை? நலமான சுரப்பியாக இருந்தால் இவ்வளவு கால்சியத்துக்கு அடங்கிப்போய், பி.டி.எச். எல்லையின் அடிமட்டத்துக்கோ அதற்கும் கீழோ போயிருக்க வேண்டும். 58 என்பது எல்லைக்குள் இருக்கும் எண்தான். ஆனால் அந்த எல்லை, கால்சியம் இயல்பாக உள்ளவர்களுக்கு வகுத்தது.

நான் மருத்துவர் அல்ல. அக்காவிடம் நோயின் பெயர் எதையும் சொல்லவில்லை. ஒரு தாளில் தேதிவாரியாக எழுதினேன்: எந்த வருடம் கல், எப்போது முறிவு, எந்தெந்த மாத்திரை, இரண்டு கால்சியம் அளவுகள், பி.டி.எச். அளவு. கீழே ஒரே ஒரு கேள்வி: "கால்சியம் கூடியிருக்கும்போது பி.டி.எச். இந்த அளவில் இருக்கலாமா?" அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பிகள் பிரிவுக்குப் போகச் சொன்னேன். பேருந்தில் இரண்டு மணி நேரம். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தயங்கினார். தலைமையாசிரியர் பேசி மாற்று ஏற்பாடு செய்தபின் போனார். அங்கிருந்த மருத்துவர் அந்தத் தாளைத்தான் முதலில் படித்தாராம். "இருக்கக் கூடாதும்மா" என்றாராம்.

அதன்பிறகு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூடிய கால்சியம், அடங்காத பி.டி.எச். என்றதும் முடிவு கட்டிவிடுவதில்லை.

முதலில் கால்சியம் உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று உறுதிசெய்தார்கள். இரத்தக் கால்சியத்தில் ஏறத்தாழ பாதி அல்புமின் புரதத்தோடு ஒட்டியிருக்கும். எனவே அல்புமின் குறைந்தவர்களுக்கு மொத்தக் கால்சியம் குறைவாகத் தோன்றி ஏமாற்றும். அல்புமின் 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 0.8 கூட்டிக் கணக்கிடுவது வழக்கம். அயனிக் கால்சியத்தை நேரடியாகவும் அளக்கலாம். இரத்தம் எடுக்கக் கையில் பட்டையை நெடுநேரம் இறுகக் கட்டியிருந்தாலும் அளவு சற்றுக் கூடிக் காட்டும். அதனால்தான் ஒரே அறிக்கையை நம்பாமல் இரண்டாம் முறை பார்க்கிறார்கள். அக்காவின் அல்புமின் 4.1, ஆகவே கணக்கில் மாற்றமில்லை.

அடுத்து, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்ற விசாரணை. இரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைடு வகை மாத்திரைகளும், மனநோய்க்குத் தரும் லித்தியமும் கால்சியத்தைக் கூட்டக்கூடியவை. முடி உதிர்வுக்கு என்று கடையில் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, பி.டி.எச். அளவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டிவிடும். இது கால்சியத்தையோ சுரப்பியையோ தொடுவதில்லை. சில ஆய்வக முறைகளின் வேதியியலில் குறுக்கிடுகிறது, அவ்வளவுதான். ஆகையால் சத்து மாத்திரைதானே என்று சொல்லாமல் விடக்கூடாது. வைட்டமின் டி ஊசியை மருத்துவர் சொல்லாமலே மாதந்தோறும் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கால்சியம் ஏறும், ஆனால் பி.டி.எச். அடங்கிவிடும். புற்றுநோய், காசநோய் போன்றவற்றால் கால்சியம் கூடும்போதும் பெரும்பாலும் அப்படியே. அங்கே வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்து மூடிக்கொள்கிறது. தண்ணீர் வேறு குழாய் வழியே வருகிறது என்று பொருள். கால்சியம் கூடியதும் பி.டி.எச். பார்ப்பதன் முதல் பயனே இந்த இரண்டு வழிகளையும் பிரித்தறிவதுதான்.

பிறகு வைட்டமின் டி. அக்காவுக்கு 18, குறைவுதான். இது நம் ஊரில் சாதாரணம், ஆனால் இந்த நோயில் ஒரு குழப்பத்தை உண்டாக்கும். வைட்டமின் டி குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. கால்சியம் குறையப் பார்க்கும். அதை ஈடுகட்ட நலமான பாராதைராய்டும் பி.டி.எச்.சைக் கூட்டும். இது இரண்டாம் நிலை மிகைச் சுரப்பு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பிலும் இப்படி நடக்கும். இங்கே கால்சியம் குறைவாகவோ இயல்பாகவோ இருக்கும், கூடியிருக்காது. சுரப்பியில் பழுதில்லை, கூடுதல் நேரம் உழைக்கிறது. பி.டி.எச். கூடுதல் என்ற ஒரே வரியைப் பார்த்து அறுவை சிகிச்சைக்கு அஞ்சி ஓடுபவர்களில் பலருக்குத் தேவை வைட்டமின் டிதான். மறுபக்கமும் உண்டு. உண்மையாகவே சுரப்பி பழுதானவருக்கு வைட்டமின் டியும் குறைவாக இருந்தால், கால்சியம் இயல்பு எல்லைக்குள் இறங்கி நோயை மறைத்துவிடக்கூடும். வைட்டமின் டி சரியானதும் கால்சியம் ஏறி உண்மை வெளிப்படும். இதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். கூடிய கால்சியம் உள்ளவர் தாமாக ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து.

கடைசியாக 24 மணி நேரச் சிறுநீர். முதல் நாள் காலை எழுந்ததும் போகும் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் போவதையெல்லாம், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, ஆய்வகம் தரும் கேனில் சேர்க்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் கணக்கு கெட்டுவிடும். அக்கா ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சேர்த்தார். இது ஏன் என்றால், பரம்பரையாக வரும் ஒரு நிலை இருக்கிறது. கால்சியத்தை உணரும் ஏற்பியே சற்று மந்தமாக இருப்பதால் இரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கும், பி.டி.எச்.சும் அடங்காது; ஆனால் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும். பெரும்பாலும் தீங்கற்றது. அதற்கு அறுவை சிகிச்சை செய்தாலும் பயனில்லை. அக்காவின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 340 மில்லிகிராம் கால்சியம் போனது. ஆகவே அது இல்லை. இரத்தப் பாஸ்பரஸ் 2.3, குறைவு. அதுவும் பாடத்தோடு பொருந்துகிறது.

எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் இடுப்பையும் முதுகையும் மட்டுமல்லாமல் முன்கையையும் பார்த்தார்கள். பாராதார்மோன் மிகுந்தால் எலும்பின் கெட்டியான புற அடுக்கு முதலில் கரையும். முன்கை எலும்பில் அந்த அடுக்கு அதிகம். மணிக்கட்டு ஏன் முறிந்தது என்பதற்கு அங்கே விடை கிடைத்தது.

இவ்வளவுக்கும் பிறகுதான் கழுத்து ஸ்கேன். இந்த வரிசை முக்கியம். நோய் இருக்கிறதா என்பதைச் சொல்வது இரத்தமும் சிறுநீரும். எந்தச் சுரப்பி, எங்கே என்று அறுவை மருத்துவருக்கு வழிகாட்டுவதுதான் ஸ்கேன். கழுத்து அல்ட்ராசவுண்டும், டெக்னீசியம் கலந்த செஸ்டமிபி என்ற மருந்தை ஏற்றி எடுக்கும் அணு ஸ்கேனும் வழக்கமானவை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சிறிய கட்டி படாமல் போகலாம்; அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் இருக்கலாம்.

இதற்குச் சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டனின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. எலும்புகள் கரைந்து உயரம் சுமார் 18 சென்டிமீட்டர் குறைந்துபோன மனிதர் அவர். 1926இல் நியூயார்க்கில் அவருடைய இரத்தக் கால்சியம் கூடியிருப்பதைக் கண்டு, பாராதைராய்டு மிகைச் சுரப்பு என்று முடிவு செய்தார்கள். நோயறிதல் சரிதான். ஆனால் கழுத்தில் எத்தனை முறை தேடியும் கட்டி கிடைக்கவில்லை. ஏழாவது அறுவையில், 1932இல், பாஸ்டனில் நெஞ்சுக்கூட்டுக்குள் கண்டுபிடித்தார்கள். கருவில் கீழ்ப் பாராதைராய்டுகள் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து உருவாகிக் கழுத்துக்கு இறங்குகின்றன. சில வேளை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நெஞ்சுக்குள்ளேயே போய்விடும். மார்ட்டெல் அந்த அறுவைக்குப் பிறகு சில வாரங்களே உயிரோடிருந்தார். சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது.

அக்காவுக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. இடப்பக்கக் கீழ்ச் சுரப்பியில் ஒரே ஒரு கட்டி. இந்த நோயில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இப்படி ஒற்றைக் கட்டிதான், அடினோமா என்பார்கள். புற்றுநோயாக இருப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. "கட்டி" என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் அழுத அழுகையை அந்த ஒரு தகவல்தான் நிறுத்தியது.

அறுவை எல்லோருக்கும் உடனே தேவைப்படாது. கல், முறிவு, தேய்ந்த எலும்பு, குறைந்த சிறுநீரகச் செயல்பாடு, கால்சியம் மேல் எல்லையைவிட 1 மில்லிகிராமுக்கு மேல் கூடியிருத்தல், வயது ஐம்பதுக்குள் இருத்தல் போன்றவற்றை வைத்து மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். மற்றவர்களைக் கண்காணிப்பில் வைப்பார்கள். கால்சியம் கூடியிருக்கிறதே என்று பால், கீரை, கேழ்வரகை அறவே விடுவதும் சரியல்ல. உணவில் கால்சியம் மிகக் குறைந்தால் சுரப்பி இன்னும் கூடுதலாகச் சுரக்கத் தூண்டப்படும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இந்த இடத்தில் பள்ளிக் கழிப்பறைப் பிரச்சினை மறுபடி வருகிறது. அதற்குத் தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும்.

அறுவையின்போதே வால்வு சரியாகிவிட்டதா என்று பார்க்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. பாராதார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். கட்டியை எடுத்துப் பத்து நிமிடத்தில் பி.டி.எச். பாதிக்கும் கீழே இறங்கினால், எடுத்தது சரியான சுரப்பி. குரல் நாண்களுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், ஆசிரியர்கள் யாராவது இந்தச் சிகிச்சைக்குப் போனால் அனுபவமுள்ள நாளமில்லாச் சுரப்பி அறுவை மருத்துவரிடம் போவது நல்லது. நம் பிழைப்பே குரல்தானே! சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனத்திலேயே இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. காப்பீட்டில் எது அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

அறுவை முடிந்த மறுநாள் அக்காவுக்கு உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல இருந்தது. நெடுநாள் தூங்கிய மற்ற மூன்று சுரப்பிகள் விழிக்கச் சில நாள் ஆகும். அதற்குள் பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். முன்பு நிறுத்தச் சொன்ன அதே சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இப்போது தவறாமல் சாப்பிடச் சொன்னார்கள். "இவங்களுக்கே ஒரு நெலையில்ல டீச்சர்" என்று சிரித்தார். தாகமும் மலச்சிக்கலும் போயின. முட்டைக் கணக்கு ஒரே எண்ணலில் சரியாக வருகிறது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அது தேய்மானம், வேறு கணக்கு. அண்டாவை மட்டும் இன்னும் தூக்க விடுவதில்லை.

இதை வகுப்பில் எப்படிக் கொண்டுவருவது? வீட்டு மருத்துவ அறிக்கைகளை மாணவர்களிடம் கேட்க வேண்டாம். அது குடும்பத்தின் அந்தரங்கம். நாமே அட்டைகள் தயாரிக்கலாம். பழைய அழைப்பிதழ்களின் பின்பக்கம் போதும். ஒவ்வோர் அட்டையிலும் கால்சியம், பி.டி.எச். என இரண்டு எண்கள். எல்லைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, குழுவுக்கு ஓர் அட்டை வீதம் கொடுத்து, தொட்டியையும் வால்வையும் வரையச் சொல்ல வேண்டும். நோயின் பெயர் தேவையில்லை; வால்வு தன் வேலையைச் செய்கிறதா என்பதே கேள்வி.

கால்சியம் 9.4, பி.டி.எச். 40 என்பது எளிது. 7.4, 150 என்ற அட்டைக்கு "வால்வு நல்லா வேலை செய்யுது, தண்ணிதான் வரல" என்றார்கள். 7.2, 5 என்பதற்கு வால்வு திறக்கவே முடியவில்லை என்று வரைந்தார்கள். பாடநூல் டெட்டனி அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. 12.8, 6 என்ற அட்டை சற்று நேரம் எடுத்தது. 11.4, 58 என்ற அட்டை பெற்ற குழு, இரண்டாவது எண் எல்லைக்குள் இருக்கிறது என்று முதலில் பச்சை வண்ணம் தீட்டி, பிறகு தொட்டியைப் பார்த்துவிட்டு அதைச் சிவப்பாக மாற்றியது.

ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், பி.டி.எச். கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமத் தடுக்கும்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் சிறுநீரகத்துல கல் வருது?" நல்ல கேள்வி. பதில் அளவில் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் மிகுந்தால் வடிகட்டப்படுவதும் மிகும். பி.டி.எச். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அதன் கொள்ளளவைத் தாண்டியது வழிந்து சிறுநீரில் போகும். அங்கே அது ஆக்சலேட்டோடோ பாஸ்பேட்டோடோ சேர்ந்து படிகமாகிறது. "அப்ப அங்கயும் தொட்டி நெறஞ்சுதான் வழியுது" என்றாள்.

கடைசி அட்டையில் வேண்டுமென்றே மூன்று எண்கள் வைத்தேன்: கால்சியம் 10.1, பி.டி.எச். 110, வைட்டமின் டி 8. பழுதான வால்வா, கூடுதலாக உழைக்கும் வால்வா? இரண்டு குழுக்கள் சண்டை போட்டுக்கொண்டன. மணியடிக்கும் நேரத்தில் ஒரு பையன், "இப்பச் சொல்ல முடியாது டீச்சர். மொதல்ல வைட்டமின் டியைச் சரி பண்ணிட்டு மறுபடி ரெண்டையும் பாக்கணும்" என்றான். அட்டையின் பின்பக்கம் அதையே எழுதி வைக்கச் சொன்னேன்.